பைன்வுட் டெர்பி டிராக்கில் வார்னிஷ் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

வார்னிஷ் அடித்த டிராக்கில் ஏதோ சரியில்லை என்றதும் எல்லோருடைய கையும் முதலில் டப்பாவைத்தான் தேடும். இன்னொரு கோட், அதாவது இன்னொரு பூச்சு, அடித்தால் மூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மூடாது. ஒட்டுகிற கோட்டின் மேல் அடித்தால் புதியதும் ஒட்டும். உரிகிற கோட்டின் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும். என்ன கோளாறு என்று முதலில் தெரிந்துகொண்டால், முக்கால்வாசி வேலை உப்புத்தாளிலும் பொறுமையிலும் முடிந்துவிடும்.

பைன்வுட் டெர்பி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். அமெரிக்காவில் கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) பிள்ளைகள் ஒரு பைன் மரத்துண்டு, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி இவற்றை வைத்துச் சின்னக் கார் செய்து, சரிவான டிராக்கில் விடுகிற பந்தயம் இது. 1953-ல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர், பிள்ளைகளே உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் இல்லாத வண்டிப் பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் ஓட்ட வயது போதாத தன் மகனை நினைத்துத் தொடங்கியது. காரில் மோட்டார் கிடையாது, சரிவில் உருண்டு வர வேண்டியதுதான். நீளம் 7 அங்குலம், அகலம் 2¾ அங்குலம், எடை 5 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 142 கிராமுக்கு மிகக்கூடாது. வீட்டில் செய்யும் மர டிராக்குகள் பெரும்பாலும் 8 அடித் துண்டுகளை இணைத்து 32 அடி வரும். தொடக்க முனை சுமார் 4 அடி உயரம். அங்கிருந்து முடிவுக்கோட்டுக்கு வர மூன்று நொடிகூட ஆகாது.

டிராக்கின் அமைப்பில் ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லேனின் நடுவிலும் 1⅝ அங்குல அகலம், ¼ அங்குல உயரத்தில் ஒரு நடுப்பட்டை ஓடுகிறது. காரின் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் உள்ளிடைவெளி 1¾ அங்குலம். ஆக மொத்தம் ⅛ அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர்தான் ப்ளே, அதாவது கார் பக்கவாட்டில் ஆட இருக்கும் இடம். சக்கரத்தின் உள்விளிம்பு அந்தப் பட்டையில் அடிக்கடி உரசும். ஆகவே மேல்தளத்தைவிடப் பட்டையின் பக்கவாட்டும், பட்டை பலகையோடு சேருகிற மூலையும்தான் வார்னிஷ் வேலையில் முக்கியமான இடங்கள். பளபளப்பெல்லாம் அப்புறம். எல்லா லேனும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான்கும் சேர்ந்து கொஞ்சம் மெதுவாக இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் நஷ்டமில்லை. ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால்தான் வம்பு.

தொடங்கும் முன்: மேலே இருப்பது என்ன?

இந்த டிராக்குகள் கைமாறிக் கைமாறி வருபவை. பத்து வருடத்துக்கு முன் யார் என்ன அடித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் பஞ்சில் கொஞ்சம் டினேச்சர்ட் ஆல்கஹால் (குடிக்க முடியாதபடி செய்த ஸ்பிரிட்) தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது ஷெல்லாக், நம் ஊர் அரக்குப் பாலிஷ். கரையவில்லை என்றால் லேக்கர் தின்னரைத் தொட்டு வையுங்கள். அப்படியே கரைந்து ஓடினால் லேக்கர். இளகிக் கொழகொழத்தால் தண்ணீர் கலந்த வகை வார்னிஷ் (இனி தண்ணீர் வகை). ஒன்றுமே ஆகவில்லை என்றால் அநேகமாக எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷ்.

அப்புறம் நகம். ஓரத்தில் நகத்தை அழுத்தி எடுங்கள். தடம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே இன்னும் இறுகவில்லை. கடைசியாக, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத குழி, வழிசல், தூசி எல்லாம் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

மறுநாளும் கை ஒட்டுகிறது

எல்லாக் கோளாறிலும் இதுதான் அதிகம் வருவது. காரணம் காலண்டரில் இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் பந்தயத்தைக் குளிர்காலத்தில், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைக்கின்றன. டிராக்கைப் பற்றிய நினைப்பு டிசம்பர் கடைசியில்தான் வருகிறது. ஆகவே வேலை நடப்பது ஹீட்டர் இல்லாத கராஜில். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வெறுமனே உலர்வதில்லை. கரைப்பான் பறந்த பிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிர்ந்தால் அந்த வேலை மந்தமாகும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றே போகும். தடியாக அடித்திருந்தால் மேலே மட்டும் தோல் கட்டி, உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. துண்டுகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, 20 டிகிரிக்கு மேல் உள்ள அறையில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்து, ஃபேனை நேரே அடிக்காமல் அறைக் காற்று சுற்றும்படி போட்டுவிடுங்கள். வாசனை வரும், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். நாலைந்து நாளில் நகத் தடம் ஆழமில்லாமல் போக ஆரம்பித்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஒரு வாரம் கழித்தும் அதே பிசுபிசுப்பு என்றால் குற்றம் குளிரில் இல்லை. டப்பா பழசாக இருக்கலாம். நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்து அடித்திருக்கலாம். அடியில் மெழுகோ, காயாத எண்ணெய்ச் சாயமோ இருக்கலாம். இந்த நிலையில் காத்திருந்து பயனில்லை. மினரல் ஸ்பிரிட்ஸ் (பெட்ரோலியத்திலிருந்து வரும் பெயின்ட் கரைப்பான்) தொட்ட துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்கிரேப்பரால் வழித்து எடுத்துவிட்டு மரத்திலிருந்து தொடங்குவதுதான் வழி. டால்கம் பவுடரைத் தூவி ஒட்டாமல் செய்கிற வேலை வேண்டாம். அந்தப் பவுடர் பச்சை வார்னிஷில் புதைந்து நிரந்தரமாக அங்கேயே இருக்கும்.

ஒட்டவில்லை என்பதால் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணெய் வகை மறுநாளே கைக்கு உலர்ந்ததுபோல் இருக்கும். முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகலாம். தண்ணீர் வகை இரண்டு மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகிவிடும், ஆனால் அதற்கும் முழு இறுக்கத்துக்கு இரண்டு மூன்று வாரமாவது விடுவது நல்லது. ஜனவரிப் பந்தயத்துக்கு அக்டோபரில் வார்னிஷ் அடிப்பவர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கிற தேவையே வராது.

எண்ணெய் வகை தொட்ட துணிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இறுகும்போது அந்த எண்ணெய் சூடு விடும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, கராஜ்கள் எரிந்திருக்கின்றன. துணியை வெளியில் ஒற்றையாக விரித்துப்போட்டு விறைக்கவிட்டு எறியுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள்.

ஒரு லேனில் மட்டும் கார் மெதுவாகப் போகிறது

வார்னிஷைத் திட்டுவதற்கு முன் அது வார்னிஷ்தானா என்று பாருங்கள். ஒரே காரை நான்கு லேனிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டு நேரத்தை எழுதுங்கள். ஒரு சுற்று போதாது, பல சுற்று வேண்டும். வழுக்கலுக்காகச் சக்கர அச்சில் போடும் கிராஃபைட் பொடி ஓட ஓட உதிர்ந்துபோவதால், ஒரு லேனில் எல்லா ஓட்டத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், 1, 2, 3, 4, மறுபடி 1 என்று சுற்றி வாருங்கள். இல்லாவிட்டால் கடைசி லேன் எப்போதும் மெதுவாகத்தான் தெரியும்.

ஒரு லேன் திரும்பத் திரும்பப் பின்தங்கினால் முதலில் இணைப்புகளில் விரலை ஓட்டுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு தாள் கனத்துக்குப் படி இருந்தாலும் கார் துள்ளும். அது தச்சு வேலை. அடியில் தாளோ மெல்லிய தகடோ கொடுத்து மட்டம் செய்யுங்கள். இணைப்பு சரி என்றால் நடுப்பட்டையின் அடிமூலைக்குப் போங்கள். பிரஷ்ஷிலிருந்து வழிந்த வார்னிஷ் அந்த மூலையில் தேங்கி, காய்ந்ததும் மெல்லிய வரப்புபோல நிற்கும். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வரப்பில் சக்கரத்தின் உள்விளிம்பு ஏறினால் கார் அங்கே தடுமாறித்தான் போகும். முழுதாக இறுகியபின், சதுரமாக வெட்டிய சின்ன மரத்துண்டில் 220 எண் உப்புத்தாளைச் சுற்றி அந்த மூலையில் நீளவாக்கில் மட்டும் இழுங்கள். விரலில் வைத்துத் தேய்த்தால் மூலை உருண்டையாகிவிடும், மரத்துண்டு கட்டாயம். வரப்பு போனதும் மெல்லியதாக ஒரு தொடு கோட் போதும். அதையும் நான்கு லேனுக்கும் அடியுங்கள், ஒன்றுக்கு மட்டும் அல்ல.

எல்லா லேனிலும் சக்கரத் தடம் மங்கலாகத் தெரிகிறது, நேரமும் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது என்றால் வார்னிஷ் இன்னும் மென்மையாக இருக்கிறது. மேலே சொன்ன காத்திருப்புதான் வைத்தியம்.

“வேகமாகட்டும்” என்று மெழுகு தேய்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். சக்கரம் உருள்கிறது, சறுக்கவில்லை. உரசல் பெரும்பாலும் ஆணிக்கும் சக்கரத்தின் துளைக்கும் நடுவில்தான். அங்கே உங்கள் மெழுகு போகப்போவதில்லை. மெழுகைக் கையால் சீராகத் தேய்ப்பதும் கடினம், அதனாலேயே லேன்களுக்குள் வித்தியாசம் வரும். கிராஃபைட் அதில் ஒட்டிக் கறுக்கும். அடுத்த வருடம் வார்னிஷ் அடிப்பவருக்கு அது ஒட்டாமல் உரியும்.

முதல் கோட் காய்ந்ததும் சொரசொரப்பு

இது கோளாறே இல்லை. தண்ணீர் வகை வார்னிஷ் பட்டதும் மர இழைகள் ஊறி நிமிர்ந்து நிற்கின்றன. பைன் மரத்தில் இன்னும் கூடுதல். 220 எண் உப்புத்தாளால் இழை போகும் திசையில் லேசாக ஒரு தடவு தடவித் தூசியை எடுத்துவிட்டு அடுத்த கோட் அடியுங்கள், மறுபடி நிமிராது. முன்னெச்சரிக்கையாகச் செய்ய நினைத்தால், வார்னிஷ் தொடுவதற்கு முன்பே ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காயவிட்டு ஒருமுறை தேய்த்துவிடலாம்.

கடைசிக் கோட்டிலும் சிறு சிறு மணிகளாக உறுத்தினால் அது தூசி. பழுப்பு நிற மளிகைக் காகிதப் பையைக் கிழித்து மடித்து, நன்றாகக் காய்ந்த பரப்பில் அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். மணிகள் உதிர்ந்துவிடும், வார்னிஷில் கீறல் விழாது. உப்புத்தாள் செய்யாத வேலையை இந்தக் காகிதம் செய்வதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

குமிழ்கள் அப்படியே காய்ந்து நிற்கின்றன

டப்பாவைக் குலுக்கியிருப்பீர்கள், அல்லது பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து வழித்துத் தொட்டிருப்பீர்கள். வார்னிஷைக் குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளற வேண்டும். அரை லிட்டரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவைத்துத் தொட்டு அடிப்பது நல்லது. டப்பாவுக்குள் தூசியும் போகாது. குளிர்ந்த பலகையைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே அடித்தாலும் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளியேறும். பலகை ஓர் இரவு அந்த அறையில் கிடக்கட்டும்.

காய்ந்த குமிழை 220-ல் தேய்த்து மட்டமாக்கிவிட்டு, அடுத்த கோட்டை மெல்லியதாக அடியுங்கள். எண்ணெய் வகையில் பத்துக்கு ஒரு பங்கு மினரல் ஸ்பிரிட்ஸ் கலந்தால் குமிழ் தானாக உடைந்து சமன்படும். தண்ணீர் வகையில் நீங்களாக எதையும் கலக்காதீர்கள், லேபிள் அனுமதிக்கும் அளவோடு நிறுத்துங்கள்.

அடித்த உடனே வட்ட வட்டமாக விலகிக் குழி விழுகிறது

பிரஷ்ஷை எடுத்த சில நொடியில் வார்னிஷ் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி, நடுவில் மரம் வெறுமையாகத் தெரியும். இது சிலிக்கோன். கராஜ் கதவுக்கு அடித்த ஸ்பிரே, மரச்சாமான் பளபளப்பாக்கும் ஸ்பிரே, யாரோ சக்கரத்துக்குப் போட்ட லூப்ரிகன்ட், இவற்றில் ஏதோ ஒன்று பலகையில் பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். உப்புத்தாளால் தேய்த்தால் போகாது, இன்னும் பரவும்.

ஈரமாக இருக்கும்போதே கவனித்தால், அடித்ததை முழுவதும் துடைத்தெடுத்துவிடுங்கள். எண்ணெய் வகை என்றால் மினரல் ஸ்பிரிட்ஸால். அப்புறம் சுத்தமான துணியை மாற்றி மாற்றி மினரல் ஸ்பிரிட்ஸில் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஒரு கோட் அடியுங்கள். அடியில் இருப்பது எதுவாக இருந்தாலும் ஷெல்லாக் அதை அடக்கிவிடும், தன் மேல் எது வந்தாலும் ஒட்டவைக்கும். “மெழுகு நீக்கிய” என்பதைக் கவனித்து வாங்குங்கள். மெழுகுள்ள ஷெல்லாக்கின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. ஒரு கோளாறைத் தீர்க்கப் போய், கீழே உரிவது பற்றிச் சொல்வதெல்லாம் உங்களுக்கு வந்துவிடும்.

பால் ஊற்றினதுபோல் வெளுப்பு

எங்கே வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். நடுப்பட்டையின் மூலையில் மட்டும் என்றால் தண்ணீர் வகை அங்கே தேங்கியிருக்கிறது. ஈரம் வெளியேறியதும் தெளியும். வெளிறியது ஷெல்லாக் என்றால் காற்றின் ஈரப்பதம் அதில் சிக்கியிருக்கிறது. காய்ந்த நாளுக்காகக் காத்திருந்து, ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே ஓட்டத்தில் லேசாகத் துடைத்தால் மறுபடி இளகித் தெளிந்துவிடும். பலகை முழுக்கத் திட்டுத்திட்டாக மங்கியிருந்தால் நீங்கள் வாங்கியது மினுமினுப்புக் குறைந்த சாட்டின் அல்லது மேட் வகை, அதைச் சரியாகக் கலக்கவில்லை. மினுமினுப்பைக் குறைக்கிற பொடி டப்பாவின் அடியில் படிந்துகிடக்கும். முதலில் தொட்டு அடித்த இடம் பளபளப்பாகவும் கடைசியில் அடித்த இடம் மங்கலாகவும் வரும். நன்றாகக் கிளறி இன்னொரு மெல்லிய கோட் அடியுங்கள். இங்கே மட்டும் இன்னொரு கோட் உதவும்.

சாட்டினா கிளாஸா (முழுப் பளபளப்பு வகை) என்றால் என் ஓட்டு சாட்டினுக்கு. ஜிம் விளக்கு வெளிச்சத்தில் கிளாஸ் டிராக்கில் ஒவ்வொரு கீறலும் கண்ணில் குத்தும். அடிக்கோட்டுகளை கிளாஸில் போட்டு, கடைசியை மட்டும் சாட்டினில் முடித்தால் மர ரேகையும் தெளிவாகத் தெரியும், கீறலும் மறையும்.

டேப்போடு சேர்ந்து உரிந்து வருகிறது

பந்தயத்தன்று லேன் எண் ஒட்டுவார்கள், மாலையில் டேப்பை இழுப்பார்கள், டேப்போடு வார்னிஷும் தோலாக வரும். வார்னிஷுக்கும் கீழே இருப்பதற்கும் பிடிப்பே இல்லை என்று அர்த்தம். கோட்டுகளுக்கு நடுவில் தேய்க்காமல் விட்டது, கீழே மெழுகு, காயாத எண்ணெய்ச் சாயத்தின் மேல் தண்ணீர் வகை அடித்தது, கிராஃபைட் தூசியைத் துடைக்காமல் அடித்தது: பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒட்டுப்போடாதீர்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடு கீறி, சின்னக் கட்டங்களாக்கி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பல இடத்தில் இப்படிப் பாருங்கள்: சரிவின் மேலே, நடுவில், முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில். ஓரிடத்தில் மட்டும் கட்டங்கள் வந்தால், தளர்ந்ததையெல்லாம் ஸ்கிரேப்பரால் எடுத்து, விளிம்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு உப்புத்தாளால் இறக்கி, அந்த இடத்துக்கு மட்டும் ஷெல்லாக், அதன்மேல் வார்னிஷ். எல்லா இடத்திலும் வந்தால் மனத்தைத் தேற்றிக்கொண்டு முழுவதையும் சுரண்டுங்கள். உரிகிற வார்னிஷைச் சுரண்டுவது நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும். ஒட்டாமல் இருப்பதுதானே அதன் நோயே. மரம் தெரிந்ததும் 120, 150, 180, 220 என்று படிப்படியாகத் தேய்த்துப் புதிதாகத் தொடங்குங்கள். கோட்டுக்குக் கோட்டு லேசாக ஒரு தடவு. பளபளப்புப் போய்ச் சீராக மங்கினால் போதும்.

லேன் எண்ணுக்குப் பெயின்டர் டேப் பயன்படுத்துங்கள், அதையும் வார்னிஷ் முழுதாக இறுகியபின். இழுக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல், மடித்துத் தரையோடு படுக்கவைத்து இழுங்கள்.

சாம்பல் கறை, பழுப்புப் புள்ளி, மஞ்சள்

சாம்பல் என்றால் கிராஃபைட். கார்கள் உதிர்த்த பொடி தொடக்க முனையிலும் நடுப்பட்டையின் ஓரத்திலும் படிந்திருக்கும். ஈரத்துணியால் தொட்டால் ஈஷிக்கொள்ளும். முதலில் மென்மையான பிரஷ் முனை போட்ட வேக்குவத்தால் உறிஞ்சுங்கள், அப்புறம் மினரல் ஸ்பிரிட்ஸ் தொட்ட துணி. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை மேலே எதுவும் அடிக்காதீர்கள். அடித்தால் அந்தச் சாம்பல் நிறம் கண்ணாடிக்குள் மாட்டிய படம்போல எப்போதும் இருக்கும்.

வெள்ளை பெயின்ட் அடித்த டிராக்கில் பழுப்பு வட்டங்கள் எழுந்தால் அவை பைன் மரத்தின் கணுக்கள். கணுவிலிருக்கும் பிசின் பெயின்ட்டைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும், எத்தனை கோட் அடித்தாலும். கணுவின் மேல் ஷெல்லாக் கலந்த பிரைமரைத் தொட்டுவைத்துவிட்டு அப்புறம் பெயின்ட். வெள்ளை மொத்தமுமே மஞ்சளடிக்கிறது என்றால் மேலே எண்ணெய் வகை வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். அதன் குணமே அது. இயற்கை மரத்துக்கு அந்தப் பொன்னிறம் அழகு. வண்ணம் தீட்டிய லேன்களுக்குத் தண்ணீர் வகைதான் சரி.

பலகை வளைந்துவிட்டது

மேலே மூன்று கோட், அடியில் ஒன்றுமில்லை. பெரும்பாலான வளைசலுக்கு இதுதான் காரணம். வார்னிஷ் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. மேல்பக்கம் மெதுவாகவும் அடிப்பக்கம் வேகமாகவும் ஈரத்தை வாங்கி விடும்போது ஒரு பக்கம் உப்பும், பலகை கிண்ணம் போடும். கோடையில் கராஜில் ஈரம், பந்தயத்தன்று ஹீட்டர் போட்ட ஹாலில் வறட்சி. அசல் பைன் பலகை இதில் நன்றாகவே ஆடும்; பிளைவுட் அவ்வளவு ஆடாது.

வளைந்ததை உடனே எடை வைத்து நசுக்காதீர்கள். துண்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி குறுக்குச் சட்டங்களின் மேல் வீட்டுக்குள் சில வாரம் கிடத்துங்கள். பல சமயம் தானாகவே நிமிரும். நிமிர்ந்ததும் அடிப்பக்கத்துக்கும் விளிம்புகளுக்கும், குறிப்பாகக் குறுக்காக வெட்டிய முனைகளுக்கும், மேலே அடித்த அதே வார்னிஷை அதே எண்ணிக்கையில் அடியுங்கள். அடிப்பக்கம் அழகாக இருக்க வேண்டியதில்லை, மூடியிருந்தால் போதும். அப்படியும் நிமிராதது உண்டு. அதற்கு அடியில் சட்டம் வைத்துத் திருகுவது அல்லது மாற்றுவதுதான்.

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஆபத்து விளிம்பில்தான். ஈரம் பட்டு ஒருமுறை உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பியதைத் தேய்த்து மட்டமாக்கி, அந்த விளிம்புக்கு ஷெல்லாக்கை உறிஞ்சுவது நிற்கும்வரை கொடுங்கள்.

அடுக்கிவைத்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன

முகத்துக்கு முகம் வைத்து அடுக்கினால், தண்ணீர் வகை வார்னிஷும் லேடெக்ஸ் (தண்ணீரில் கலந்த சுவர்) பெயின்ட்டும் கோடைச் சூட்டில் இளகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது கத்தியோ உளியோ நுழைக்காதீர்கள். குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு வைத்தால் இறுகும். பிறகு ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சாய்த்தால் விட்டுவரும். அடுத்த முறை நடுவில் சுத்தமான அட்டையோ கம்பளித் துணியோ கொடுங்கள். லேடெக்ஸ் பெயின்ட் அடித்து அப்படியே விட்ட டிராக்குக்கு மேலே தண்ணீர் வகைப் பாலியூரித்தேன் இரண்டு கோட் கொடுத்தால் இந்தத் தொல்லையும் குறையும், சக்கரம் ஒட்டுவதும் குறையும்.

நடுவில் கொடுக்க ரப்பர் பாயோ வினைல் விரிப்போ வேண்டாம். முடிவுக்கோட்டுக்கு அப்பால் காரை நிறுத்தப் போடும் விரிப்புக்கும் இதையே சொல்வேன். ரப்பரிலும் வினைலிலும் அவற்றை வளையும்படி வைத்திருக்கும் ரசாயனம் மெல்ல வார்னிஷுக்குள் இறங்கி, அந்த இடத்தை மட்டும் பிசுபிசுப்பாக்கிக் கறையாக்கும். பிரேக் பகுதியில் மட்டும் வார்னிஷ் கெட்டிருந்தால் வேறெங்கும் காரணம் தேட வேண்டாம். விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சுரண்டி, ஷெல்லாக் கொடுத்து, மறுபடி வார்னிஷ் அடித்து, கம்பளம் போன்ற துணி விரிப்புக்கு மாறுங்கள். பந்தயம் முடிந்ததும் அதையும் எடுத்துவிடுங்கள்.

பந்தயம் நாளைக்கு, நகம் இன்னும் பதிகிறது

ஹீட்டரை நேராகக் காட்டாதீர்கள், ஹேர் ட்ரையரும் வேண்டாம். மேல்தோல் சுருங்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். சூடான அறை, சுற்றும் காற்று, அவ்வளவுதான் ஓர் இரவில் செய்ய முடிவது. காலையில் தூசி தட்டி, ஒரே காரை நான்கு லேனிலும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு நேரம் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஓட்டலாம். ஒவ்வொரு காரும் ஒவ்வொரு லேனிலும் ஒருமுறை ஓடும்படி அட்டவணை போட்டுவிட்டால் மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். தடம் ஆழமாக விழுந்து லேனுக்கு லேன் நேரம் மாறினால், பக்கத்துக் குழுவுக்குப் போன் போட்டு அவர்களுடைய அலுமினிய டிராக்கைக் கேளுங்கள். மர டிராக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து 220-ல் தேய்த்துத் தடங்களை எடுத்துக்கொள்ளலாம்.